ஆரஞ்சுக்குப் போட்ட ஊசி

மார்ச் 3, செவ்வாய்

நாலாம் வருடப் பரிசோதனை முடிந்தது. சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்த இரண்டு அட்ரீனல் சுரப்பிகளையும் எடுத்து நாலு வருடம் ஆகிவிட்டது. ரத்த அழுத்தம் சரி. சர்க்கரை மாத்திரை இனி வேண்டாம். முதுகெலும்பு போன வருடத்தைவிடக் கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கிறது. எடை அறுபத்திரண்டு. அறுவைக்கு முன்னால் தொண்ணூற்றொன்று. சுரப்பி டாக்டர் கோப்பைப் புரட்டிக்கொண்டே, "உங்க கேஸை எங்க பசங்களுக்குப் பாடமா எடுக்கலாம்" என்றார். அவ்வளவு நல்ல பிள்ளையாம் நான்.

பஸ் ஏறும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. உட்கார்ந்த பிறகு அவர் கடைசியில் சொன்னது மெல்ல உள்ளே இறங்கியது. "நாலு வருஷத்துல ஒரு தடவைகூட நெருக்கடி வரலை, நல்ல விஷயம். ஆனா வரவே வராதுன்னு இருந்துடாதீங்க. உங்க உடம்புல கார்ட்டிசால் ஹார்மோன் சொந்தமா ஒரு சொட்டு ஊறாது. காய்ச்சல் வந்தா மாத்திரையை ரெட்டிப்பாக்குங்க. வாந்தி வந்தா ஊசி. நேரத்துக்குப் போகலைன்னா..." அதற்குமேல் சொல்லாமல் மருந்துச்சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டார். 

முன்பு அந்தச் சனியன் அளவுக்கு மீறிச் சுரந்து என்னைக் கொன்றுகொண்டிருந்தது. இப்போது இல்லாமல் போனால் கொல்லும். நடுவில் நான், மாத்திரை டப்பாவும் கையுமாக.

மார்ச் 5

கார்ட்டிசாலுக்குப் பதிலான மாத்திரை காலை ஆறுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு அரை, நாலுக்கு அரை. கூடவே காலையில் உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் அந்தப் பொடி மாத்திரை. இன்று மதிய மாத்திரையைப் பன்னிரண்டு இருபதுக்குத்தான் போட முடிந்தது. இருபது நிமிடம்தான். ஆனாலும் ஆலைக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாடியைப் பிடித்துப் பார்த்தேன். எண்ணிக்கை இரண்டு முறை தவறிவிட்டது. பயந்தவளுக்கு எண்ண வராது போல.

மார்ச் 8, ஞாயிறு

அட்டைப்பெட்டி ஆலையில் பாதுகாப்பு அலுவலர் என்றால் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "நல்லா ஓடுற மெஷினை நிறுத்திட்டு முந்நூறு பேரை வெயில்ல நிக்க வைக்கிற வேலை" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். தப்பில்லை. கையில் ஸ்டாப்வாட்ச், வாயில் திட்டு. முன்கூட்டிச் சொல்லிவிட்டு நடத்துகிற தீ ஒத்திகை டிரிலே இல்லை என்பது என் கட்சி. இன்றைக்கு நெருப்புப் பிடிக்கப்போகிறேன் என்று நெருப்பு நோட்டீஸ் ஒட்டுமா?

அதே முறைதான் வீட்டிலும். மாதம் ஒரு தடவை, யாரிடமும் சொல்லாமல், எங்கேயாவது விழுவேன். உடனே நீலப் பெட்டி வரவேண்டும். அதில் காலாவதியான மருந்துக் குப்பிகள், சிரிஞ்சு, ஒரு ஆரஞ்சு. பொடியில் தண்ணீரைக் கலந்து, சிரிஞ்சில் ஏற்றி, காற்றை வெளியேற்றி, என் தொடைக்குப் பதிலாக ஆரஞ்சில் குத்த வேண்டும். நிஜ மருந்து சிவப்புப் பெட்டியில், படுக்கையறை அலமாரியில். டிரிலில் அதைத் தொடவே கூடாது. கிடைப்பதே குதிரைக்கொம்பு, வைத்திருப்பது இரண்டே இரண்டு.

இன்று துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் விழுந்தேன். இன்றைக்கு மகள் குட்டியின் முறை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து இரண்டு நிமிடம் நாற்பது விநாடியில் முடித்தாள். நடுவில் நான் தரையில் கிடந்தபடியே, "காத்தை வெளியேத்து, காத்தை" என்று கத்தினேன். "மயங்கிக் கிடக்கறவ இவ்ளோ பேசக் கூடாதும்மா" என்றாள்.

அப்புறம் என் வீட்டுக்காரருடைய முறை என்று மறுபடி விழுந்தேன். தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கடுகளவு திருகாணியைக் கண்ணிமைக்காமல் மாட்டுகிற கை அது. கலப்பதுவரை அழகாகச் செய்தார். ஊசியை ஆரஞ்சுக்குமேல் கொண்டுபோனதும் முகம் வெளுத்துவிட்டது. "பழம் என்ன பாவம் பண்ணுச்சு" என்று கீழே வைத்துவிட்டார். நானும் குட்டியும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஒன்று தோன்றியது. குட்டி வீட்டில் இல்லாத நேரத்தில் விழுந்தால்?

ஏப்ரல் 2

ஆலையில் புதிய அடையாள அட்டை தருகிறார்கள். பழையதை வாங்கிப் பார்த்த வாயிற்காவலர், "இது உங்க அக்காவா மேடம்?" என்று கேட்டார். பழைய படத்தில் இருப்பது உப்பிய முகம், செக்கச்செவேலென்று, கழுத்தே இல்லாமல். ஐந்து வருடம் டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினேன். சாப்பாட்டைக் குறை, நட, கவலைப்படாதே என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஆறாவது ஆள்தான் கார்ட்டிசாலைப் பார்த்தார். 

"ஆமா, அக்காதான். இறந்துட்டாங்க" என்றேன். அவர் பாவம், தொப்பியைக் கழற்றிவிட்டார்.

ஏப்ரல் 19

குட்டிக்கு உணவுத் தொழில்நுட்பம் படிக்க நுழைவுத் தேர்விலேயே இடம் கிடைத்துவிட்டது. ரயிலில் ஐந்து மணி நேரம். விடுதி.

எல்லோருக்கும் போன் செய்து சொன்னேன். குரல் நன்றாகத்தான் வந்தது. பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம்தான். சந்தோஷத்துக்கு ஏன் குழாயைத் திறந்துவிட வேண்டும்? இரண்டு நிமிடம் நாற்பது விநாடி ரயிலேறிப் போகிறது. மிச்சம் இருப்பது பழத்துக்குப் பாவம் பார்க்கிற மனிதர்.

மே 19, செவ்வாய்

நாத்தனார் வந்திருந்தாள். அவருடைய அக்கா, நல்ல மனசு, பெரிய வாய். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "முகம் மறுபடி கொஞ்சம் பூசின மாதிரி இருக்கே. அந்த மாத்திரை ஸ்டீராய்டாமே. உள்ளே எலும்பை அரிச்சுடும்னு சொல்றாங்க. உடம்புதான் சரியாயிடுச்சே, விட்டுத் தொலையேன்."

"அது மருந்து இல்லை அண்ணி. மத்தவங்க உடம்பு தானா செஞ்சுக்குது, நான் கடையில வாங்கிக்கறேன்" என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். அவள் போனதும் நேரே கண்ணாடிக்குப் போனேன். கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தேன். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன். பூசினாற்போலத்தான் இருக்கிறதோ?

மே 22, வெள்ளி

காய்ச்சல். நூற்றொன்று. ஆலையில் பாதிப் பேருக்கு இருக்கிறது.

விதி எனக்குத் தெரியும். என் கையாலேயே எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன்: காய்ச்சல் என்றால் மாத்திரை இரட்டிப்பு. இரட்டிப்பாக்கவில்லை. இதை இங்கே மட்டும்தான் எழுதுகிறேன். இரண்டு மாத்திரையைக் கையில் வைத்துப் பார்த்தேன், அந்தப் பழைய அடையாள அட்டை முகம் கண்முன் வந்தது. ஒன்றைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டேன். நூற்றொன்று எல்லாம் ஒரு காய்ச்சலா. நாளைக்கு இறங்கிவிடும்.

அவர் கேட்டார். "ரெட்டிப்பா போட்டியா?"

"போட்டாச்சு."

மே 23

இறங்கவில்லை. ஒரு முறை வாந்தி. மாலை மாத்திரை உள்ளே தங்கியதா வெளியே வந்ததா தெரியவில்லை. இடுப்பு வலி. எழுத்துக் கோணுகிறது. நாளைக் காலை டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். நாளை

மே 27, புதன்

உயிரோடு இருக்கிறேன். மருத்துவமனை. பேனா பிடிக்க முடிகிறது, அவ்வளவுதான்.

மே 30, சனி

வீட்டுக்கு வந்துவிட்டேன். நடந்ததை அவரிடம் துண்டு துண்டாகக் கேட்டு வாங்கினேன். எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்குமா பார்க்கிறேன்.

ஞாயிறு காலை பதினொரு மணி. நான் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் விழுந்திருக்கிறேன். எனக்கு நினைவில் இருப்பது தரையின் குளிர்ச்சி மட்டும். சத்தம் கேட்டு இருவரும் வந்தார்கள். அவர்களுக்கு என்ன தோன்றும்? இந்த மாத டிரில் இன்னும் நடக்கவில்லை. காய்ச்சல்காரி டிரில் வைப்பாளா என்று அவர் ஒரு நொடி யோசித்தாராம். குட்டி, "அம்மா வைப்பா. காய்ச்சல்னாதான் வைப்பா. இன்னிக்கு உங்க முறைப்பா, டைம் ஓடுது" என்றாளாம். போன் கடிகாரத்தை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்றாளாம். 

அவர் நீலப் பெட்டியைக் கொண்டுவந்தார். காலாவதியான பொடியில் தண்ணீரைக் கலந்தார். ஏற்றினார், காற்றை வெளியேற்றினார். அன்றைக்கென்று பார்த்து அவருக்குத் தைரியம் வந்திருக்கிறது. முதல் முறையாக ஆரஞ்சில் குத்திவிட்டார்.

நான் செத்துக்கொண்டிருந்தேன். என் தலைமாட்டில் மண்டியிட்டு என் வீட்டுக்காரர் ஒரு பழத்துக்கு ஊசி போட்டுவிட்டு, நான் பாராட்டுவேன் என்று காத்திருந்தார்.

"ஆச்சு" என்றாராம். "பார்த்தியா, ஆச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. 

குட்டிக்குத்தான் முதலில் உறைத்தது. "அப்பா. அம்மா திட்டவே இல்லை" என்றாளாம்.

அதற்குமேல் அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆறு நிமிடம் போயிருந்தது. குட்டி ஓடிப்போய்ச் சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்தாள். கை உதறியதில் முதல் குப்பி தரையில் விழுந்து நொறுங்கிவிட்டது. இருப்பது இன்னும் ஒன்றே ஒன்று. அவள் அதைத் தொட மறுத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர்தான் கலந்தார், அவர்தான் உடுப்புக்கு மேலாகவே என் தொடையில் குத்தினார். ஆம்புலன்சில் ஏற்றும்போது ரத்தத்தின் மேல் அழுத்தம் வெறும் அறுபதாம். 

"எப்படிங்க குத்தினீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலை" என்றார். "அப்பதான் ஒரு தடவை குத்தியிருந்தேன்ல."

மே 31

சொல்லாமல் விழு என்றது யார்? நான். சிவப்புப் பெட்டியைத் தொடாதே என்றது யார்? நான். அவர்கள் என் சொல்லை ஒரு எழுத்துக்கூட மீறவில்லை. இது டிரில் என்று சொல்ல ஒரு அடையாளச் சொல் வைத்துக்கொள்ள வேண்டும், அது வராவிட்டால் நிஜம் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. ஆலையில் அதற்குத் தனி மணி இருக்கிறது. இருபது வருட அனுபவம். குப்பையில் போடு.

மாத்திரையை இரட்டிப்பாக்காததை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 6

நாத்தனார் பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். நல்லவேளை, ஆப்பிள். மாத்திரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான்தான் அவளைத் தேற்றினேன். அவள் சொன்னதைக் கேட்டது என் தப்பு, சொன்னது அவள் தப்பு இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

குட்டி கல்லூரிக்குப் போகவில்லையாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் கேட்பது மாதிரி சொன்னாள். "இங்கேயே பக்கத்துல எதுலயாவது சேர்ந்துக்கறேன்." அவர் ஏன் என்று கேட்டார். "சும்மா" என்றாள். அந்த நாளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை இன்றுவரை. உடைந்த குப்பியின் சில்லு ஒன்று அலமாரிக்கு அடியில் கிடந்து நேற்றுத்தான் கிடைத்தது. அதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு அறைக்குள் போனவள் சாப்பிடக்கூட வரவில்லை.

எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் போகவில்லை என்றதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. தாய்க்கு வரவேண்டிய நிம்மதியா இது? "நல்லா யோசிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னேன். யோசித்தால் எங்கே மாறிவிடுவாளோ என்று அதையும் மெதுவாகத்தான் சொன்னேன்.

ஜூன் 15

போ என்று சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூன் 23

சொல்லவில்லை. 

பயமாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்து எழுத ஒன்றுமில்லை. குளிக்கப் பயம், கதவைத் தாழிடப் பயம். தும்மினால் பயம். படிக்கட்டில் கால் தள்ளாடினால் இது களைப்பா அதுவா என்று நின்றுவிடுகிறேன். நாலு வருடம் தைரியமாக இருந்தேன் என்று நினைத்தது தைரியமே இல்லை. ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 1, புதன்

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் இருந்தார். காய்ச்சல் வந்தும் இரட்டிப்பாக்கவில்லை, முகம் உப்பிவிடுமோ என்று பயந்தேன், கேட்டதற்குப் போட்டாச்சு என்று பொய் சொன்னேன். மூன்று வாக்கியம்.

டாக்டர் திட்டவில்லை. "ரெண்டு நாள் ரெட்டிப்பா போட்டா முகம் மாறாது. மாறவும் நாளாகும், அதுக்குள்ள நாம குறைச்சிடுவோம். உங்களை மாதிரி இருந்தவங்க நிறைய பேர் இப்படித்தான் மாத்திரையைப் பார்த்துப் பயப்படுவாங்க. பயப்படுங்க, பரவாயில்லை. போட்டுட்டுப் பயப்படுங்க." 

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது என் வீட்டுக்காரர் சொன்னார். "நான் கேட்டேன்ல அன்னிக்கு."

"கேட்டீங்க."

"உன் முகம் எப்படி இருந்தா எனக்கென்ன? அந்த முகத்தோடயும்தானே குடும்பம் நடத்தினேன்." சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். இருபது வருடத்தில் அவர் சொன்ன ஒரே காதல் வசனம் இதுதான், அதையும் கோபத்தில் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 5, ஞாயிறு

இன்று சண்டை. எழுதிவிடுகிறேன்.

புதிய விதிகள் எழுதிக்கொண்டிருந்தேன். டிரில் என்றால் என்ன சொல், யார் எந்தப் பெட்டி, மாற்று ஆள் யார், பக்கத்து வீட்டுக்காரிக்கு எப்போது பயிற்சி. அவர் எட்டிப் பார்த்தார். "எல்லார் பேரும் இருக்கு. உன் பேர் எங்கே?" என்றார்.

"நான் விழறவ. என் பேர் எதுக்கு?"

"விழறதுக்கு முன்னாடி ஒரு நாள் பூரா உனக்கு நினைவு இருந்துச்சு. வாந்தி வந்த உடனே நீயே குத்தியிருந்தா எங்க ஊசியே வேண்டாம். நாலு வருஷமா எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தே. ஒரு தடவையாவது நீ அந்தச் சிரிஞ்சைக் கையால பிடிச்சிருக்கியா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நோயாளிகிட்ட பேசுற பேச்சா இது, நான் என்ன எனக்கா, ஆலையில எத்தனை பேருக்கு, அப்படி இப்படி என்று என்னென்னமோ கத்தினேன். குட்டி அறையிலிருந்து வெளியே வந்து நின்றாள். அவர் குரலை உயர்த்தவில்லை. "குட்டி இங்கேயே இருக்கணும்னா, இருன்னு நீயே அவகிட்ட சொல்லு. ஆனா அது உன் சுரப்பிக்காக இல்ல. நீ ஊசிக்குப் பயப்படறதுக்காக. அதையும் சேர்த்துச் சொல்லு" என்றார்.

சிரிஞ்சை நான் பிடித்ததே இல்லை.

ஒரு தடவைகூட. அவர் முகம் வெளுக்கிறது என்று சிரித்தேனே, என் முகம் வெளுத்தது யாருக்கும் தெரியாது. யாராவது எனக்கு ஊசி போடும்போதெல்லாம் நான் சுவரைப் பார்ப்பேன். டிரிலில் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வதற்கு அதைவிட வசதியான காரணம் உண்டா?

ஜூலை 8

மருத்துவமனைச் செவிலியரிடம் போனேன். வெறும் உப்புநீர் ஏற்றிய சிரிஞ்சைக் கையில் கொடுத்தார். நாற்காலி, என் தொடை, என் கை. "எழுதற பேனா மாதிரி பிடிங்க" என்றார். பத்து நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தேன். வியர்த்து ஊற்றியது. திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 10

மறுபடி போனேன். முடியவில்லை.

ஜூலை 13, திங்கள்

மூன்றாவது தடவை. செவிலியருக்கு யாரோ போன் செய்தார்கள், பேசிக்கொண்டே வெளியே போனார். நான் தனியாக இருந்தேன். செவிலியர் திரும்பி வருவதற்குள் என்று நினைத்தேன், குத்திவிட்டேன். நிதானமும் இல்லை, சரியான கோணமும் இல்லை. வலித்தது, ஆனால் கொசுக்கடியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். இதற்கா நாலு வருடம்?

பயம் போகவில்லை, பயத்தோடு குத்த முடிகிறது. டாக்டர் சொன்னதும் இதுதானோ என்னவோ.

ஜூலை 14

குட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, உப்புநீரை அவள் கண் எதிரே என் தொடையில் போட்டுக் காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 

"போயிட்டு வா. நான் பார்த்துக்கறேன்."

"குப்பியை உடைச்சது நான்தாம்மா." அந்த நாளைப் பற்றி அவள் வாயைத் திறப்பது இதுதான் முதல் தடவை. "ரெண்டு நாப்பதுன்னு பீத்திக்கிட்டேன். நிஜமா வந்தப்ப கையே என் பேச்சைக் கேக்கலை."

"டிரில்னு நினைக்க வச்சது நான். திட்டலைன்னு கண்டுபிடிச்சது நீ. அது இல்லைன்னா அப்பா இன்னமும் பழத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்திருப்பார்."

சிரிப்பும் அழுகையுமாக மூக்கைச் சிந்தினாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அறையில் துணிப்பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

ரயிலேற்றிவிட்டு வந்தோம். ரயில் நகரும்போது அவள் சன்னலில் கேட்டது ஒன்றே ஒன்று. "நாலு மணி மாத்திரை?" 

"போட்டாச்சு" என்றேன். இந்தத் தடவை உண்மை.

ஆகஸ்ட் 8

சனிக்கிழமை. வாசலில் மணி. குட்டி. ஐந்து மணி நேரம் வந்து, நாளை மதியம் ஐந்து மணி நேரம் திரும்பிப் போகப் போகிறாள். "விடுதிச் சாப்பாடு பிடிக்கலை" என்றாள். வந்ததும் சாப்பிடவில்லை. சிவப்புப் பெட்டியைத் திறந்து எண்ணினாள். இப்போது நாலு வைத்திருக்கிறோம்.

செப்டம்பர் 12

ஆறாவது சனிக்கிழமை. கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. பாடப்புத்தகத்தை ரயிலில் படிக்கிறாளாம். வராதே என்றால் கேட்கவில்லை. தினமும் காலை ஆறு ஐந்துக்குப் போன். நாலு தடவை மணி அடித்தும் நான் எடுக்காவிட்டால் அவருக்குப் போன்.

என் பயம் அவளிடம் போய்த் தொற்றிக்கொண்டது. இதற்கு என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு?

அக்டோபர் 5

ஆலையில் டிரில். இந்த முறை நோட்டீஸ் ஒட்டினேன். ஃபோர்மேன் நம்பாமல் அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு என்னிடமே வந்து, "இது என்ன மேடம் புதுத் தந்திரம்?" என்று கேட்டார். 

அக்டோபர் 24

குட்டி வந்தாள், போனாள். முதல் தேர்வில் ஒரு பாடம் போய்விட்டது. அவள் சொல்லவில்லை, அவர் தோண்டி எடுத்தார்.

நவம்பர் 17, செவ்வாய்

நேரம் மூன்று பத்து. மருத்துவமனைக் கட்டில். கையில் சலைன் இறங்குகிறது, அதனால் எழுத்து இப்படி.

காலை எட்டே முக்கால். அவர் கடைக்குப் போய்விட்டார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று வாந்தி. நேற்று ஆலைச் சிற்றுண்டி அறையில் சாப்பிட்டதாக இருக்கும். காலை மாத்திரை அப்படியே வெளியே வந்துவிட்டது. இன்னொன்று போட்டேன், அதுவும் நிற்கவில்லை. குளியலறைத் தரையில் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் மே மாதத்து மூளை வேலை செய்தது. சாதாரண வயிற்றுக் கோளாறு, படுத்தால் சரியாகிவிடும், மத்தியானம் பார்க்கலாம். அந்த எண்ணம் எவ்வளவு இதமாக இருந்தது என்றால், அந்த இதத்தைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

சிவப்புப் பெட்டியை எடுத்துவந்து கட்டிலில் வைத்தேன். பொடிக் குப்பியை மெத்தைமேல் வைத்துத்தான் திறந்தேன், விழுந்தால் உடையாமல் இருக்க. தண்ணீரை ஏற்றினேன், கலக்கினேன், காற்றை வெளியேற்றினேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். வீட்டில் யாருமில்லை, எனக்கு நானேதான் கத்தினேன். தொடையைப் பார்த்தேன். சுவரைப் பார்க்கவில்லை. 

ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது குத்திக்கொண்டேன். 

அதன் பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன், அவருக்குப் போன், வாசல் கதவைத் திறந்து வைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கடையிலிருந்து ஓடிவந்தபோது, எந்தப் பெட்டியையும் தேடாமல் என் முகத்தைத்தான் பார்த்தார். நடந்தே ஆம்புலன்சில் ஏறினேன். இங்கே மேல் அழுத்தம் நூற்றிரண்டு என்றார்கள். அவசரப் பிரிவு டாக்டர் சின்னப் பெண். "யாரு போட்டாங்க ஊசி?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். சீட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போல இருந்தது எனக்கு.

நவம்பர் 18, புதன்

வீட்டில். குட்டிக்கு நேற்றே சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். இன்று காலை ஆறு ஐந்துக்கு அவள் கூப்பிட்டபோது முழுக்கச் சொன்னேன், ஒன்றையும் விடாமல். 

"யாரு குத்தினது? அப்பாவா?"

"வீட்ல யாருமில்லை. நான்."

"வலிச்சுதா?" என்றாள். லேசாக என்றேன். "சரி, ரெஸ்ட் எடு" என்று வைத்துவிட்டாள். இப்போதே ரயிலேறிவிடுவாளோ என்று மத்தியானம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 20, வெள்ளி

ஆறு ஐந்துக்குப் போன் வரவில்லை. ஆறேகால். ஆறரை. நான் கூப்பிடலாமா என்று எடுத்து எடுத்து வைத்தேன். ஏதாவது ஆகியிருக்குமோ? 

மாலை ஏழு மணிக்குக் கூப்பிட்டாள். காலையில் அசந்து தூங்கிவிட்டாளாம். அறைத்தோழி குறட்டை விடுவதைப் பற்றி, ரொட்டி மாவு பொங்காமல் போய் ஆய்வகமே புளித்து நாறியதைப் பற்றி, ஒரு பேராசிரியரின் நடையைப் பற்றி இருபது நிமிடம் பேசினாள். மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. வைக்கப்போகும்போதுதான் சொன்னாள், நாளைக்கு அவர்கள் வகுப்பில் எல்லோரும் எங்கேயோ போகிறார்களாம், இந்த வாரம் வர முடியாதாம்.

சரி என்றேன்.